தரையில் வைத்த கோடிச் சேலை

உபதேசியார் அடைக்கலத்துக்குக் கோபம் வந்தால் முதலில் காது மடல் சிவக்கும். அப்புறம்தான் வாய் திறக்கும். அன்று காலை கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டில் எட்டரை மணிக்கே இரண்டு காதுகளும் சிவந்துவிட்டன.

"எட்டேகால் வண்டி என்னய்யா ஆச்சு?"

"இன்னைக்கு ட்ரிப் கட்டுங்க." டைம் கீப்பர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கட்டுன்னா? நான் கட்டுமாவடிக்குச் சாவு வீட்டுக்குப் போகணும்யா!"

"செத்தவங்க எங்கயும் ஓடிரப் போறதில்லைங்களே. பதட்டப்படாதீங்க."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் சிரித்தார்கள். அடைக்கலம் அந்த நாலு பேரையும் திட்டினார். ஐம்பத்தாறு வயதில் இருபத்தெட்டு வருடத்தை ஊர் ஊராகப் போய் வேதம் சொல்வதிலேயே கழித்தவர். ஆனால் கோபம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. "ஒங்க வாயில வசனம் பாதி, வசவு பாதி" என்று சபையின் போதகரான ஐயரே அவரிடம் நேரில் சொல்லியிருக்கிறார்.

செத்துப்போனவள் அழகி. கட்டுமாவடியில் மீன் விற்றவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அடைக்கலம் முதன்முதலாக அந்தத் தெருவுக்குள் பையும் புத்தகமுமாக நுழைந்தபோது, நிற்கக்கூட விடாமல் விரட்டினார்கள். கடைசி வீட்டில் இருந்த அவள் மட்டும் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு, செம்பில் தண்ணீர் கொடுத்தாள். "எந்தச் சாமி ஆளா இருந்தா என்ன, வெயிலு எல்லாருக்கும்தான் அடிக்குது. ஒக்காருங்க."

அதன்பிறகு வியாழக்கிழமைதோறும் போனார். அவள் கோயிலை மாற்றவில்லை, நெற்றித் திருநீற்றையும் அழிக்கவில்லை. அவர் வாசிப்பதைக் கேட்பாள். வாசலில் எப்போதும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடக்கும். ஒன்றில் அவர் உட்காருவார், இன்னொன்று காலியாகவே இருக்கும். அவர் ஏனென்று கேட்டதில்லை.

போன வாரம் படுக்கையில் கிடந்தபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னயத் தூக்குறதுக்கு முன்னாடி நீங்க வந்து ஒரு வார்த்தை ஜெபம் சொல்லணும். வேற ஒண்ணும் கேக்கல. வருவீங்களா?"

"வருவேன்னா வருவேன் தாயி."

விடியற்காலையில் உயிர் போய்விட்டது. மகன் விக்ரம் போனில் கறாராகச் சொன்னான்: "மூணு மணிக்குத் தூக்குறோம். அதுக்குள்ள வந்தா பண்ணிக்கங்க. தூக்குனதுக்கு அப்புறம்னா எங்க ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க."

அறந்தாங்கியில் வண்டி மாறும்போதே மணி பன்னிரண்டு. கட்டுமாவடி பஸ்ஸில் ஒரே ஓர் இடம்தான் காலி. அந்த இடத்திலும் ஒரு மஞ்சள் பை உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் மூன்று நாள் தாடியுடன், கண் சிவந்து, ஒரு விவசாயி.

"பையை எடுங்க."

"மடியில வச்சா கசங்கிரும்ங்க. கீழயும் வைக்கக் கூடாது. பின்னாடி பாத்துக்கங்களேன்."

"பைக்கு டிக்கெட் எடுத்தீங்களா?"

"எடுத்தாச்சு." அந்த ஆள் இரண்டு டிக்கெட்டுகளைக் காட்டினார்.

அதிலாவது அடைக்கலம் அடங்கியிருக்கலாம். அடங்கவில்லை. பையைத் தூக்கிக் காலடியில், எச்சிலும் கடலைத் தோலும் கிடந்த தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அந்த மனிதர் அலறிக்கொண்டு பையை அள்ளினார். "யோவ்! ஒனக்குக் கை கூசல? என்ன வச்சிருக்கேன்னு தெரியுமாய்யா ஒனக்கு?"

"மூட்டை மூட்டையா வச்சிருந்தாலும் மனுசனுக்கு அப்புறம்தான்!"

அந்த ஆளின் கண் அடைக்கலத்தின் பைக்குள் தெரிந்த கறுப்பு அட்டை வேதப் புத்தகத்தில் விழுந்தது. "ஓ, வேதக்காரரா? அடுத்தவன் பொருள்ல கைய வைக்காம இருக்க முடியாதே ஒங்களுக்கு!"

கண்டக்டர் வந்து விலக்கினார். பாதி வழியில், மணி ஒன்று. பஸ் நின்றது. முன்னால் நாலு லாரி, ரெண்டு வேன், ஒரு பள்ளிக்கூட பஸ். ரோட்டில் மாட்டு வண்டிப் பந்தயம்.

"பெரிய மாடு முடிஞ்சிருச்சு. இப்பச் சின்ன மாடு போயிருக்கு. திரும்பி வர்ற வரைக்கும் நகர முடியாது" என்றார் கண்டக்டர், ஏதோ வானிலை சொல்வதுபோல.

அடைக்கலம் இறங்கி நடந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை. விழாக் கமிட்டிக்காரர்கள் அவர் வேகத்தைப் பார்த்து ஏதோ கட்சிப் பிரமுகர் என்று முடிவு செய்துவிட்டார்கள். மைக்கில் வரவேற்பு முழங்கியது. வாய் திறப்பதற்குள் தோளில் ஒரு துண்டு விழுந்தது.

"ஏன்யா வழியை அடைக்கிறீங்க! துண்டா கேட்டேன்? அங்க கட்டுமாவடியில மீன்கார அழகி பொணமாக் கெடக்கா! மூணு மணிக்குத் தூக்கிருவாங்கய்யா!" துண்டை உருவி வீசினார்.

பின்னாலேயே இறங்கி வந்திருந்த அந்தத் தாடிக்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

"எந்த அழகி?"

"தெரு கடைசி வீட்டு அழகி. விக்ரமோட ஆத்தா. ஒனக்கென்னய்யா?"

"அவ எங்க அக்கா. நான் அவ தம்பி சிவசாமி."

அவர் பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு புதுச் சேலை. பிறந்த வீட்டுக் கோடி! அது வந்து சேராமல் அந்த வீட்டுப் பெண்ணின் பிணத்தைத் தூக்க மாட்டார்கள். அதைத்தான் அடைக்கலம் எச்சிலில் வைத்திருக்கிறார்.

உபதேசியார் சேலையைத் துடைக்கக் கையை நீட்டினார். சிவசாமி பையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"நீதானா அந்த ஆளு? வாராவாரம் போயி எங்க அக்கா மனசக் கலைச்சது நீதானா?"

காது மடல் மறுபடியும் சிவந்தது. "ஆமாய்யா, வாராவாரம் போனேன்! மீன்காரனக் கட்டிக்கிட்டாங்கிறதுக்காக இருபத்தாறு வருசம் அக்கா மூஞ்சியப் பாக்காத ஒருத்தன் இருக்கான்னு அவ சொல்லியிருக்கா. நீ ஒரு வாரம் போயிருக்கியா?"

சிவசாமியின் கை ஓங்கியது. பாதியில் நின்றது. விறுவிறுவென்று போய், ஒரு பந்தயக்கார இளைஞனின் பைக்கில் பின்னால் ஏறினார்.

"வாய்க்கா கரை வழியா நான் போயிருவேன். கோடிய நான் கொடுத்த மறு நிமிசம் தூக்கிருவாங்க. நீ வந்து வெறும் வாசல்ல ஜெபம் பண்ணு!"

பைக் புழுதியில் மறைந்தது. அடைக்கலம் அந்த வழியிலேயே ஓடிப் பார்த்தார், மூச்சு வாங்கி நின்றார், அந்தப் பக்கம் போன எல்லா வண்டிக்கும் கை காட்டினார். எவனும் நிறுத்தவில்லை. ஆண்டவரிடமே கோபித்துக்கொண்டார். "ஒரு வார்த்தை கேட்டாளே, அதையும் கெடுத்துட்டீரே!" என்று நடு ரோட்டில் கத்தினார். ஆனால் கெடுத்தது யார் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பையைத் தொடாமல் இருந்திருந்தால், அந்த நாக்கை அடக்கியிருந்தால், அதே பைக்கில் மூன்றாவது ஆளாக அவரும் போயிருப்பார்.

பந்தயம் முடிந்து, பழைய பஸ்ஸே வந்து ஏற்றிக்கொண்டு, கட்டுமாவடியில் அவர் இறங்கியபோது மணி நாலரை. தெருவில் மேளச் சத்தம் இல்லை. முடிந்துவிட்டது! ஆனாலும் கடைசி வீடு வரைக்கும் நடந்தார்.

வாசலில் பாடை தயாராக இருந்தது. கூட்டம் எரிச்சலோடு நின்றது. அழகி இன்னும் உள்ளேதான் கிடந்தாள். வாசலில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில், எப்போதும் காலியாகக் கிடந்த அதே நாற்காலியில், மஞ்சள் பையை மார்போடு அணைத்தபடி சிவசாமி.

"ரெண்டரை மணிக்கு வந்த மாமா கோடியக் கொடுக்க மாட்டேங்கிறாரு" என்றான் விக்ரம். "பெரியவங்க எல்லாரும் கேட்டுப் பாத்துட்டாங்க."

சிவசாமி எழுந்து வந்தார். கண்ணில் அதே நெருப்பு.

"ஏன்யா இம்புட்டு நேரம்? எம்புட்டு நேரம்யா எல்லாருகிட்டயும் வசவு வாங்குறது?"

"நீ... நீ குடுத்திருப்பேன்னு..."

"குடுக்கத்தான் வந்தேன். வெயில்ல வந்தேன்னு இந்த நாற்காலியில ஒக்காந்தேன். பய சொல்றான், இது எனக்குப் போட்டதாம். ஒவ்வொரு வியாழக்கெழமையும் போடுவாளாம். 'எந் தம்பி எப்ப வேணா வருவான், அது கெடக்கட்டும்'னுவாளாம்." குரல் உடைந்தது. உடைந்ததற்கும் கோபப்பட்டார். "அவ கடைசியாக் கேட்டது ஒரு வார்த்தை ஜெபம்னும் பய சொன்னான். அதையாவது நான் தடுக்காம இருக்கணும்ல? அதுக்காக ஒன்னய எனக்குப் பிடிச்சிருச்சுன்னு நெனைக்காத!"

"ஒன்னயும் எனக்குப் பிடிக்கல!" என்றார் அடைக்கலம். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

சிவசாமி பையிலிருந்து சேலையை எடுத்து அவர் கையில் திணித்தார்.

"தரையில வச்சது நீதானே? நீயே தட்டிக் குடு."

உபதேசியார் அழகியின் காலடியில் மண்டியிட்டு, தூசியே இல்லாத அந்தப் புதுச் சேலையைத் தட்டிக்கொண்டே இருந்தார். வழி நெடுக யோசித்து வைத்திருந்த நீண்ட ஜெபத்தில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

"ஆண்டவரே, இவ எனக்கு நாற்காலி போட்டா" என்றார். "நீர் இவளுக்குப் போடும்."

"ஆமென்னு சொல்லணுமா?" என்று பின்னாலிருந்து சிவசாமி உறுமினார்.

"சொன்னா சொல்லு, சொல்லாட்டிப் போ!"

சிவசாமி சொல்லவில்லை. சேலையின் மறு முனையைப் பிடித்தார். இருவருமாக அவளைப் போர்த்தினார்கள்.