ஷோகேஸ் சரவணகுமார்

என் வீட்டு ஷோகேஸில் சரவணகுமார் எல்.இ.டி. விளக்கு வைத்த அன்று பௌர்ணமி. கிரிவலம் வந்த கூட்டத்தில் பாதி, பாதை மாறி வேங்கிக்காலுக்குள் புகுந்து என் வாசலில் நின்றது. கற்பூரம் எங்கே கொளுத்துவது என்று கேட்டது. உள்ளே இருந்தது சாமி இல்லை. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலத்தில் எனக்குக் கொடுத்த கேடயங்களும், பேத்தி மறந்துவிட்டுப் போன ஒரு பிளாஸ்டிக் டைனோசரும்தான். சரி, மிகைதான். வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார், இன்னொருவர் அவருக்குத் துணைக்கு வந்தவர். ஆனால் தண்ணீர் கேட்டவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு டைனோசரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரவணகுமாரின் வெளிச்சம் அப்படிப்பட்டது. அடி அண்ணாமலையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் குடும்பத்துப் பிள்ளை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மண்டபங்களுக்கு சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தான். கிரிவலப் பாதையில் ஒரு சிலைக்கடைக்காரர் கண்ணாடி அலமாரிக்கு விளக்கு வேண்டும் என்று கூப்பிட்டார். அதைப் பார்த்துவிட்டு ஆசிரமம் பக்கத்து விடுதிக்காரர்கள் கூப்பிட்டார்கள், பிறகு வேங்கிக்காலின் புது வீடுகள். ஷோகேஸ் சரவணகுமார் என்றே பெயர் நின்றுவிட்டது.

விளக்குப் பட்டையை அலமாரியின் முன்சட்டத்துக்கு உள்பக்கம் ஒளித்து ஒட்டுவான். பின்னால் ஒட்டினால் பொம்மையின் முகம் இருட்டாகும், கீழே ஒட்டினால் பேய்முகம் வரும் என்பான். வேலை முடிந்ததும், வீட்டுக்காரர் வழக்கமாக உட்காரும் நாற்காலி எது என்று கேட்டு அதில் உட்கார்ந்து பார்ப்பான். பல்பு நேராகக் கண்ணில் குத்தினால் அத்தனையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பான். என் முகத்துக்கும் நேராக ஒன்று மாட்டிவிடடா, வயது தெரியாமல் இருக்கட்டும் என்று ஒருநாள் சீண்டினேன். தலையைத் தூக்காமலேயே பதில் வந்தது.

"உங்க சைசுக்கு ஷோகேஸ் செய்ய ஆசாரி கெடைக்கணும் பெரிம்மா."

எதிர்வீடு சுப்பிரமணியுடையது. அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி கஸ்தூரி. ஒரே மகன் மாறன், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அவனுக்கு ஒரே பைத்தியம், ஜப்பான் கார்ட்டூன் பொம்மைகள். ஒற்றைக்காலில் நின்று வாளை ஓங்கும் வீரன், நீல முடிக்காரி, வயிற்றில் கதவு வைத்த இயந்திர மனிதன் என்று விரல் நகத்துக்குக் கூட வண்ணம் தீட்டியவை. பெட்டி பெட்டியாகக் கப்பலில் வரும். தீபாவளிக்கு ஒன்றைக் கையோடு கொண்டுவந்தான். கல்யாண வயதில் பொம்மை வைத்து விளையாடுகிறாயா, இந்தப் பிளாஸ்டிக் சனியன் என் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று சுப்பிரமணி கத்தியது என் சமையலறை வரை கேட்டது. மாறன் அதைத் திரும்பப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனான்.

அடுத்த ஆடியில் திண்டிவனம் சாலையில் மாறனின் பைக்கை ஒரு லாரி அடித்துப் போட்டது.

காரியமெல்லாம் முடிந்தபின், சென்னையில் அவன் இருந்த அறையைக் காலி செய்து ஒரு வேனில் அனுப்பினார்கள். ஒரு பை துணி. மீதியெல்லாம் பொம்மைகள். சுப்பிரமணி யாரையும் தொடவிடவில்லை. ஒவ்வொரு பெட்டியாகத் தானே தூக்கிக்கொண்டு படி ஏறினார். நான் என் ஜன்னலில் நின்று பார்த்தேன். மறுவாரம் கூடத்தில் தேக்கில் ஒரு ஷோகேஸ் செய்யச் சொன்னார். தூசி நுழையாதபடி கண்ணாடிக் கதவுக்கு ரப்பர் ஓரம். விளக்கு வைக்க சரவணகுமார் வந்தான்.

மாறன் தன் அறையில் பொம்மைகளை அடுக்கியிருந்ததை ஒருமுறை படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருந்தான். கஸ்தூரி போனைப் பிடித்துக்கொண்டு நிற்க, அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து சரவணகுமார் அடுக்கினான். வாள் வீரன் நடுத்தட்டில், சற்றே இடப்பக்கம் திரும்பி. நீல முடிக்காரி அவனுக்குப் பின்னால். மகன் எப்படி வைத்தானோ அப்படியே அது நிற்க வேண்டும். கஸ்தூரிக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

வேண்டியது இன்னொன்றும் இருந்தது. சாவு விழுந்த வீட்டில் படத்துக்கு முன்னால் ஏற்றிய விளக்கை அணையவிடாமல் காப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கருமாதியோடு அது முடிந்துவிடும். கஸ்தூரிக்கு முடியவில்லை. ஷோகேஸில் வெளிச்சம் வந்த நிமிஷமே அவளுக்கு அதுதான் அந்த விளக்கு ஆகிவிட்டது.

"அணைக்கிறா மாதிரி எதுவும் வெக்காதப்பா."

மகனைப் பறிகொடுத்தவள் கேட்கிறாள், யாரால் மறுக்க முடியும். ஸ்விட்ச் வைக்காமல் நேராகக் கொடுத்துவிட்டான். கரெண்டு போனாலும் எரியட்டும் என்று இன்வெர்டரோடும் சேர்த்துவிட்டுப் போனான்.

கார்த்திகை வந்தது. மலையில் தீபம் தெரிந்ததும் தெரு முழுக்க அகல் ஏற்றினோம். துக்க வீட்டில் அந்த வருஷம் தீபம் கிடையாது, எதிர்வாசல் இருட்டாகக் கிடந்தது. ஜன்னலில் மட்டும் அந்த வெளிச்சம். அன்று ஒருநாளாவது துணி போட்டு மூடு, தெரு பேசும் என்று சுப்பிரமணி சொன்னாராம். இது விளக்கா, கரெண்டுதானே என்றாளாம் கஸ்தூரி. வருஷம் முழுக்க விளக்கு, தீபத்தன்று மட்டும் கரெண்டு. எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது.

கத்தரி வெயிலில் எங்கள் ஊர்த் தெருவில் தோசை வார்க்கலாம். நான் வார்த்ததில்லை, மாவு வீணாகும் என்பதால். மலைப்பாறை பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி ஊர்மேல் கக்கும். அந்த வெக்கையில், காற்று நுழையாத கண்ணாடிப் பெட்டிக்குள், ராத்திரி பகலாக விளக்கு எரிந்தது. எல்.இ.டி.க்கு சூடு கம்மிதான். ஆனால் அடைத்த பெட்டியில் கம்மியும் சேர்ந்துகொண்டே போகும், பொம்மைகளோ மெல்லிய பிளாஸ்டிக். முழு எடையையும் ஒரு கணுக்காலில் தாங்கிய வாள் வீரன் மெல்ல மெல்லச் சாய்ந்தான்.

சுப்பிரமணி அந்தப் பக்கம் பார்க்காமலே கூடத்தைக் கடக்கப் பழகியிருந்தார். வருஷத் திவசம் வருகிறதே, துடைத்து வைக்கலாம் என்று ஒரு காலையில் கதவைத் திறந்தார். வீரன் நெற்றியைக் கண்ணாடியில் முட்டுக்கொடுத்து நின்றிருந்தான். கதவு விலகியதும் கணுக்கால் முறிந்து அவர் கையில் விழுந்தான். நீல முடிக்காரியின் முடி வெளிறிப் போயிருந்தது. இயந்திர மனிதன் ஒருவன்தான் நேராக நின்றான்.

சரவணகுமாரை வரவழைத்தார். சத்தம் கேட்டு நானும் போனேன். சுப்பிரமணியின் ஒரு கையில் பொம்மை, மறுகையில் அதன் கால்.

"ஸ்விட்ச் எங்கடா வெச்ச?"

சரவணகுமார் கஸ்தூரியை ஒருமுறை பார்த்தான். அவளிடம் மன்னிப்புக் கேட்கிறான் என்று நினைத்தேன்.

"வெக்கல சார்."

"ராவும் பகலும் எரிஞ்சா இன்னா ஆவும்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும் சார். எம்மேலதான் தப்பு."

சுப்பிரமணி குரலை உயர்த்தவில்லை. "அவன நான் ஒரு தடவ வாசல்லருந்து தொரத்துனேன். திரும்பி வந்தவன நீ ஒடச்சிட்ட," என்றார். ஸ்டூலைப் போட்டு ஏறி, ஷோகேஸ் உச்சியில் இருந்து சுவருக்குப் போன வயரைக் கையாலேயே பிடுங்கினார். பிறகு இறங்கத் தெரியாமல் ஸ்டூல் மேலேயே நின்றார். சரவணகுமார்தான் கை கொடுத்து இறக்கிவிட்டான்.

செத்த பையனின் சாமான்களை உருக்கினவன் என்று பேச்சு பரவியது. உருக்கினான் என்பது சாய்த்தான் என்பதைவிடச் சொல்ல ருசியாக இருந்திருக்கும். வேங்கிக்காலில் யாரும் கூப்பிடவில்லை. ஒரு வாரம் கழித்து பிளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு வந்தான். வளைந்த பொம்மையை வெந்நீரில் முக்கி, நிமிர்த்திப் பிடித்து, பச்சைத் தண்ணீரில் ஆற்றினால் சரியாகும், மீதி உள்ளதையாவது நேராக்கித் தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தான். சுப்பிரமணி கேட்டைத் திறக்கவில்லை. பிளாஸ்க்கோடு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். அந்த வெந்நீரிலேயே அவனுக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

இப்போது செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் மோட்டார் போடுகிறான், தண்ணீர்த் தொட்டி பார்க்கிறான், பியூஸ் போன பல்பை மாற்றுகிறான். என் ஷோகேஸ் விளக்கு விட்டு விட்டு எரிகிறது, வந்து பார் என்று போனில் சொன்னேன். வேற ஆளப் பாருங்க பெரிம்மா என்றான். வேறு ஆளைக் கூப்பிட எனக்கு மனசில்லை. டைனோசர் இருட்டில் இருக்கிறது.

இதுவரை எழுதியதை அச்சுக்கு அனுப்பும் முன் கஸ்தூரியை அழைத்து உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். அவள் மகன் விஷயம், அவளைக் கேட்காமல் போடுவது நியாயமில்லை. புடவை ஓரத்து நூலை இழுத்துக்கொண்டே கடைசிவரை கேட்டாள்.

"டைனோசர யாரும் கும்பிடல பெரிம்மா. அன்னிக்கு நானும் இங்கதான் இருந்தேன்," என்றாள்.

அதை எடுத்துவிட முடியாது, மற்றதைச் சொல் என்றேன்.

இழுத்த நூலை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"ஸ்விட்ச் வெக்கலன்னு எழுதியிருக்கீங்களே, அதுவும் இல்ல. வெச்சான். ஷோகேஸ் அடியில, கைய வுட்டா தட்டுப்படும். வெயில் ஜாஸ்தியானா ராத்திரில அணச்சிடுங்கம்மா, கதவக் கொஞ்சம் தொறந்து வைங்கன்னு எங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனான். நான்தான் அதுமேல டேப்பு ஒட்டிட்டேன். அந்த வாள் பொம்ம குனியறத தெனமும் பாத்தேன் பெரிம்மா. என்னப் பாக்கத்தான் குனியறான்னு இருந்துச்சு. இவரு கேட்டப்போ அந்தப் புள்ள என்னப் பாத்தான். நான் வாயத் தொறக்கல. அத மாத்தி எழுதுங்க. இவரு படிக்கட்டும்."