சனிக்கிழமை மருந்து

என் வீட்டுக்காரர் ஏசுவடியான், எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். நல்ல மனுஷன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எதற்கெடுத்தாலும் சாத்தானை இழுப்பார். சீட்டாடிவிட்டு வந்தாலும் சாத்தான், என்னிடம் கத்தினாலும் சாத்தான். "அவனுக்கு உங்கள விட்டா வேற ஆளே கெடைக்கலையாக்கும்?" என்று கேட்டுக் கேட்டு என் வாய்தான் ஓய்ந்தது.

பட்டாசுக்குக் கலக்கிய மருந்தை அன்றன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மிஞ்சினால் அழித்துவிட வேண்டும். வைத்திருந்தால் ஈரம் ஏறி, சூடாகி, எப்போது தீப்பிடிக்கும் என்று சொல்ல முடியாது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே இவர்தான். தீபாவளி சீசன், லாரி லோடுக்கு நிற்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் ஒரு தட்டு மருந்து மிஞ்சியது. கொட்ட மனசு வராமல் மூடி வைத்துவிட்டார். மறுநாள் என்னோடு சர்ச்சுக்கு வந்து உருகி உருகி ஜெபம் வேறு!

திங்கட்கிழமை காலையில் இவருக்குக் கீழே வேலை பார்க்கும் பாண்டிலட்சுமியிடம் அந்தத் தட்டைத்தான் முதலில் எடுக்கச் சொன்னார். அவள் தயங்கியிருக்கிறாள். "நான் சொல்லுதேன்ல, எடும்மா" என்றாராம். தட்டை நகர்த்தினாள், அவ்வளவுதான், மருந்து குப்பென்று பிடித்துக்கொண்டது. இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோயின.

மறுநாளே மேனேஜர் சீனிவாசகம் வீட்டுக்கு வந்தார். "அந்தப் பொம்பள தானா எடுத்துட்டான்னு ஸ்டேஷன்ல சொல்லிருங்க. இல்லைன்னா உங்களத்தான் உள்ள வைப்பாக" என்றார். அப்படிச் சொன்னால் கம்பெனி நஷ்டஈடு தராமல் அவளைக் கைகழுவிவிடும் என்பது மூன்று பேருக்கும் தெரியும். பிறகு போதகர் வந்து, எல்லாம் பிசாசின் தந்திரம் என்று ஜெபித்துவிட்டுப் போனார். இவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தோம். மூக்கில் உட்கார்ந்த ஈயைக்கூட அவளால் ஓட்ட முடியவில்லை, நான்தான் ஓட்டினேன். இவரைக் கண்டதும், "பயப்படாதீக அண்ணாச்சி. நானாத்தான் எடுத்தேன்னு போலீஸ்ல சொல்லிட்டேன். உங்களுக்கும் ரெண்டு பொட்டப்புள்ளைக இருக்குல்லா" என்றாள். எனக்குச் சீ என்று ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அன்று மத்தியானம் இவர் ஸ்டேஷனுக்குப் போய் வாக்குமூலம் கொடுக்க வேண்டும்.

"சுகிர்தா, அவளே சொல்லிட்டா. நான் ஆமான்னு சொன்னாப் போதும். உண்மையச் சொல்ல வேண்டாம்னு நீ ஒரு வார்த்தை சொல்லேன். நான் அப்படியே இருந்துக்கிடுதேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! சொல்ல ஆசையில்லாமலா? பிள்ளைகள் படிப்பு, ஊர்ப் பேச்சு, ஜாமீனுக்கு அலைச்சல் எல்லாம் கண் முன்னால் நின்றன. வேண்டாம் என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"ஆதாமும் இப்படித்தான் பொண்டாட்டியக் கைகாட்டிட்டு நின்னான். என் தலையில போடாதீக. வேண்டாம்னா நீங்களா வேண்டாம்னு இருங்க. என்னைய எதுக்குக் கேக்கீக?" என்றேன்.

சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு எழுந்து கையைக் கழுவிக்கொண்டு சட்டையை மாட்டினார். என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் பின்னாலேயே போனேன்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. தலை நிமிராமல், "அந்தப் பொம்பள தானா எடுத்ததுதானே?" என்று கேட்டார். இவர் ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

"இல்ல சார். பழசுன்னு அவளுக்குத் தெரியும், எடுக்க மாட்டேன்னுதான் நின்னா. நான்தான் அதட்டி எடுக்க வச்சேன்."

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்துவிட்டு அப்போதுதான் இவர் முகத்தைப் பார்த்தார். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். கல்யாணமான நாள் முதல் இந்த மனுஷனை இவ்வளவு மதித்ததும் இல்லை, இவ்வளவு வெறுத்ததும் இல்லை.