ஊதற மிஷின் ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார் என்ற செய்தி, ஓய்வுபெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவர் சிரிக்கும் படத்தோடு வந்தது. படத்தை மட்டும் பார்த்த ஒருவர் 'பிறந்தநாள் வாழ்த்துகள்' போட்டார். இன்னொருவர் கேக் படம் அனுப்பினார். வடலூர் கடைத்தெருவில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த நான் முதலில் சிரித்துவிட்டேன். பிறகுதான் அழுகை வந்தது. கத்தரிக்காயை அப்படியே வைத்துவிட்டுப் பேருந்து ஏறினேன்.

நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் உடல்தகுதிச் சான்றுக்காக வரும் பரிசோதனைக் கூடத்தில் அவரும் நானும் வெகுகாலம் வேலை பார்த்தோம், உங்களில் பலருக்கும் தெரியும். திரைக்கு இந்தப் பக்கம் நான் ஈசிஜி எடுப்பேன். அந்தப் பக்கம் அக்கா, நுரையீரலின் திறனை அளக்கும் கருவியோடு இருப்பார். எல்லோருக்கும் அது 'ஊதற மிஷின்'. "நல்லா இழுங்க! இப்ப ஊதுங்க! வுடாதீங்க, இன்னும், இன்னும்!" என்று அவர் போடும் சத்தத்தில் என் கட்டிலில் படுத்திருப்பவரின் நாடி எகிறிவிடும். புகார் சொன்னால், "அந்த ஆளுக்கு இதயம் இருக்குதுன்னு தெரிஞ்சிக்கினியா? அதான் உன் வேலை தம்பி" என்பார்.

காற்று போகும் வழியை அவர் விளக்கும் விதமே தனி. "மூக்குதான் கேட்டு. தூசிய அங்கயே முடி நிறுத்திடும். தொண்டையில ஒரு மூடி இருக்கு, சோறு இந்தப் பக்கம் வராம பாத்துக்கும். அப்புறம் மூச்சுக்குழாயி, மெயின் ரோடு. அது ரெண்டாப் பிரிஞ்சி, பிளாக்கு, தெருன்னு போயி, கடைசியில குட்டிக் குட்டிக் குவார்ட்டர்ஸ். அங்கதான் காத்து, ரத்தத்துகிட்ட நல்லதக் குடுத்துட்டு கெட்டத வாங்கிக்கினு வந்த வழியே திரும்பும்." ஒருமுறை இதைக் கேட்ட ஒப்பந்தத் தொழிலாளி, வடக்குத்து கிராமத்து ஏழுமலை, "எனக்கே குவார்ட்டர்ஸ் கெடைக்கல, காத்துக்கு மட்டும் யாருங்க குடுத்தது?" என்றார். அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

அந்த ஏழுமலைக்குத்தான் அடுத்த பரிசோதனைக்குள் மூச்சிளைப்பு வந்திருந்தது. தகுதி இல்லை என்று எழுதிவிட்டால் சுரங்க வேலை போய்விடும் என்று பயந்தவர், தன் அட்டையைக் கொடுத்து மச்சானை அனுப்பிவிட்டார். அட்டையில் இருந்த புகைப்படம் ஊரில் யாருக்கும் பொருந்தக்கூடியது.

அக்கா வழக்கம்போல மூக்கில் கிளிப் மாட்டி ஊதச் சொன்னார். மச்சான் ஊதினார், ஊதினார், ஊதிக்கொண்டே இருந்தார். ஒருவழியாக நிறுத்தி, "கிளிப்ப எடுத்துட்டீங்கன்னா நிறுத்தாமயே ஊதுவேங்க" என்றார், உதவி செய்யும் குரலில்.

"கன்னத்துல காத்த வச்சிக்கினு மூக்கால இழுப்பீங்களோ?"

"ஆமாங்க."

"எங்க வாசிக்கிறீங்க?"

"குறிஞ்சிப்பாடியிலங்க. கோயில், கல்யாணம் ரெண்டுக்கும் நாயனந்தான்" என்று பெருமையாகச் சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. நான் திரைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

சைக்கிள் நிறுத்தத்தில் மச்சானுக்காகக் காத்திருந்த ஏழுமலையை அக்கா பிடித்துவந்தார். அவர் ஊதியது பாதியிலேயே இருமலாக முடிந்தது. "வேலை போச்சின்னா புள்ளைங்களுக்கு நான் என்னாங்க பண்ணுவேன்?" என்று அழுதார்.

"மச்சான் நெஞ்ச வச்சி பாஸாயிட்டு, சுரங்கத்துல ஓடற பெல்ட்டுகிட்ட மூச்சடைச்சி வுழுந்தா மட்டும் என்னா பண்ணுவ? தெரு சுருங்கிக் கெடக்குது. குவார்ட்டர்ஸ் நல்லாதான் இருக்கும், பாத்துடலாம் வா" என்று அதட்டி, மருத்துவரிடம் அழைத்துப்போனார். மூச்சோடு உள்ளிழுக்கும் மருந்து கொடுத்து, சற்றுப் பொறுத்து மறுபடி ஊதவைத்தார்கள். காற்று தாராளமாகவே வந்தது. ஆஸ்துமாதான், மருந்தில் கட்டுப்படும் என்றார் மருத்துவர். "அப்ப தகுதி இல்லன்னு எழுதாதீங்க சார், மருந்து எடுத்துக்கினு வரட்டும்" என்று அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. அடுத்த மாதம் ஏழுமலை தன் சொந்த மூச்சிலேயே தேறினார். தூசி குறைந்த இடத்தில் வேலையும் கிடைத்தது.

அடக்கத்தன்று தேவாலயத்திலிருந்து கல்லறை வரை பெட்டியைச் சுமந்தவர்களில் ஏழுமலையும் ஒருவர். தோள் மாற்றக் கேட்டவர்களிடம் கையை மட்டும் ஆட்டி மறுத்தார். இறக்கிவைத்த பிறகுதான் உடைந்தார். தேம்பலில் மூச்சு இழுத்துக்கொண்டது.

கத்திக் கத்தி ஊதவைத்து முடித்ததும், அக்கா ஒவ்வொருவர் முதுகிலும் கைவைத்துத் தணிந்த குரலில் ஒன்று சொல்வார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான். ஏழுமலையின் முதுகில் கைவைத்தேன்.

"போதும். இப்ப சும்மா மூச்சு விடுங்க."