நிழல் விழாத பூநாரை

காலை 10.50. தூத்துக்குடி பழைய பேருந்து நிலையத்தில் ஆட்டோ பிடித்தேன். முத்தையாபுரம் தாண்டி உப்பளம் வரை பதினொரு கிலோமீட்டர், இருநூற்றைம்பது ரூபாய். "உச்சி நேரத்துலயா அங்கன போறிய அண்ணாச்சி? முனி நடமாடுத நேரம்லா," என்றார் ஓட்டுநர். சிரித்து வைத்தேன்.

ஓவியர் செல்வியைப் பார்க்கத்தான் போனேன். பறவைகளை மட்டுமே வரைகிறவர். அவருடைய பூநாரைப் படம் கோவையில் என் வீட்டு ஹாலில் தொங்குகிறது. இளஞ்சிவப்புக் கூட்டத்தின் நடுவே சாம்பலாய் ஒரு பறவை. அதற்கு மட்டும் நிழல் கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் 'அதுதான் மரணம்' என்று அளந்துவிட்டிருக்கிறேன். அதேபோல் இன்னொன்று வேண்டும் என்று போன மாதம் கேட்டவனும் நான்தான்.

11.40. வேலையாட்கள் போய்விட்டார்கள். வானம் எது, தரை எது என்று தெரியாத வெள்ளை, ஒரு சத்தமில்லை. தூரத்தில் பூநாரைகள் கானலில் காலே இல்லாமல் மிதந்தன. வரப்பில் செல்வி குடைகூட இல்லாமல் வரைந்துகொண்டிருந்தார்.

"இந்த வெளிச்சத்துல பறவ தெரியாது அண்ணாச்சி. நிழலத்தான் மொதல்ல வரைவேன்." அம்மா இங்கே உப்புச் சுமந்தபோது, ஐந்து வயதிலிருந்து இதே வரப்பில்தான் உட்கார்ந்திருந்தாராம். ஈர மண்ணில் குச்சியால் நிழல் வரைந்து பழகிய கை.

"எத்தன நிக்கி, எண்ணுங்க."

"பன்னிரண்டு."

"எனக்குப் பதிமூணு."

மறுபடி எண்ணினேன். பன்னிரண்டுதான். ஓட்டுநர் சொன்ன முனி நினைவுக்கு வர, சுற்றிலும் பார்த்தேன்.

"பயப்படாதிய. அது எங்கண்ணுல உள்ளது. சின்னதுலேந்து உப்பு வெளிச்சத்தப் பாத்துப் பாத்து விழுந்த கற. எங்கன பாத்தாலும் வந்து நிக்கி. அதுக்கு நிழல் இல்ல, பெறகு நிழல எப்படி வரைய?"

உச்சி வெயிலில் இந்தப் பக்கமே வரக் கூடாது, வந்தால் உள்ள பார்வையும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். எனக்கு வெட்கமாக இருந்தது.

"படமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். கிளம்புங்கள்."

"எனக்கு இங்கனதான பாக்கத் தெரியும்," என்றார்.

12.25. வரைபலகையைப் பிடுங்கிக்கொண்டு, காத்திருந்த ஆட்டோவை நோக்கி நடந்தேன். முனகிக்கொண்டே பின்னால் வந்தவர், ஒருமுறை திரும்பி நின்று வெகுநேரம் பார்த்தார்.

"இப்ப எத்தன அண்ணாச்சி?"

"அதே பன்னிரண்டுதான்."

விரல் மடக்கி எண்ணினார். "பதினாலு," என்றார்.

மறுநாள் காலை கோவையில் இதமான வெயில். என் வீட்டுச் சுவரில் சாம்பல் பறவை இன்னும் ஒன்றுதான் நிற்கிறது.