எந்தப் பாட்டு என்று கேட்டார்

இதை எழுத ஆறு வருடமாகத் தயங்கினேன். நோட்டைத் திறப்பேன், ஒரு ஜெபம் சொல்வேன், மூடி வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் வில்லியனூர் பக்கம் நெல்லும் கரும்பும் வைக்கிறவர். அவருடைய கூட்டாளி தவளக்குப்பத்தில் டிவி, மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருந்தார். என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணன் என்பேன். வயசுப் பிள்ளைகளாக இருந்த காலத்திலிருந்தே இரண்டு பேருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பாட்டுக் குழுவின்மேல் பைத்தியம். கிதாரும் டிரம்ஸுமாக நாலு பேர் கத்துவார்கள். எனக்கு அப்படித்தான் கேட்கும்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அண்ணன் பைக்கில் வந்துவிடுவார். ஸ்பீக்கரைப் போட்டு, பாட்டை நிறுத்தி நிறுத்திப் பேசுவார்கள். ஒவ்வொரு ஆல்பத்துக்கும் அதன் அட்டை நிறம்தான் பெயர்.

"செவப்பு அட்டைய அடிச்சிக்க எதுவும் கெடையாது மச்சான்!"

"போடா, மஞ்ச அட்டையிலதான் அந்த ரெண்டு பேரும் சேந்து ஒழுங்கா பாட்டு எழுதினானுங்க!"

எங்கள் ஊரில் ரேஷன் கார்டும் சிவப்பு, மஞ்சள்தான். எதிர் வீட்டுப் பெரியம்மா ரேஷன் கார்டுச் சண்டை என்று நினைத்து, "எந்த அட்டைக்குப்பா அரிசி போடறாங்க?" என்று பையோடு வந்தே விட்டார். அன்றைக்கு அவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சண்டை வந்தது கடைசி ஆல்பத்தால். அதற்கு நீல அட்டை. அந்தக் குழுவில் பாட்டு எழுதின இரண்டு பேரில் ஒருவர் இறந்துபோக, மற்றவர் தனியாக எழுதினதாம்.

"தனியா எழுதத் தெரியல அவனுக்கு. திருத்த ஆளு இல்ல. எல்லாப் பாட்டும் இழுக்குது" என்றார் அண்ணன்.

"கூட எழுதினவன் செத்துட்டான், வேற எப்பிடி எழுதுவான்? உனக்குக் காதும் இல்ல, மனசும் இல்லடா."

"மனசு இல்லாதவன் உன் வூட்டுக்கு இன்னாத்துக்கு வரணும்?"

ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் சாம்பல் புதன். தவக்காலம் முடிகிறவரை வீட்டில் பாட்டு வேண்டாம், அதுவே நம் ஒறுத்தலாக இருக்கட்டும் என்றேன். மனசு கசந்திருந்ததால் இவரும் சரி என்றார்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அண்ணன் வந்தார். இவர் வயலில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். நான் சிலுவைப்பாதைக்குக் கிளம்பி, கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, மச்சான்கிட்ட அவன் சொன்னதுதான் சரின்னு சொல்லு." நீல அட்டையில் ஒரு பாட்டின் பெயரைச் சொன்னார். "அத்த நேத்துதான் ஒழுங்கா ஒக்காந்து கேட்டேன். அழுதுட்டேன்னு சொல்லும்மா."

"தவக்காலத்துல வீட்டுல பாட்டு வேணாம்னு வெச்சிருக்கோம்ண்ணே. ஈஸ்டருக்கு வாங்க, நீங்களே சொல்லிக்கலாம்."

"அதுவரைக்கும் பாட்டே கெடையாதா? உன் தபசுல எங்களையும் சேத்துட்டியா?" சிரித்துக்கொண்டேதான் வண்டியை எடுத்தார்.

நான் இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த நிமிடமே போன் போடுவார், ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கர் திரும்ப வந்துவிடும். ஈஸ்டர் அன்றைக்குச் சொல்லலாம் என்று, அதையும் ஆண்டவருக்குக் காணிக்கையாகவே நினைத்து வைத்துக்கொண்டேன்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின புதன்கிழமை, கடையிலேயே அண்ணனுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போகும் வழியில் உயிர் போய்விட்டது. கல்லறையில் மண் போட்டுவிட்டு வந்து இவர் சொன்னார்: "எம்மேல கோவத்தோடவே போய்ட்டான்டி."

கையில் ஜெபமாலையோடு நின்றேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பிறகு ஒவ்வொரு நாளும் அது கனத்துக்கொண்டே போயிற்று. பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியிடம் சொன்னேன். "எங்கிட்ட சொல்லி ஆச்சு, அவர்கிட்ட சொல்லும்மா" என்றார் சாமி. எத்தனை முறை போனாலும் அதையே சொன்னார்.

ஆறு வருடம் கழித்து, இந்தத் தவக்காலத்தில்தான் இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திட்டவில்லை. சோற்றில் வைத்த கை அப்படியே இருந்தது.

"எந்தப் பாட்டு?"

"பேரு சொன்னாருங்க. இங்கிலீஷ் பேரு. சிலுவைப்பாதைக்கு நேரமாச்சேன்னு நான் சரியா கேக்கல."

"மொத எழுத்தாச்சும்?"

"தெரியலங்க."

"சின்ன பேரா, பெரிய பேரா? அதாவது சொல்லு."

அதையும் என்னால் சொல்ல முடியவில்லை. தட்டில் பாதிச் சோறு இருக்க எழுந்துபோய்க் கை கழுவினார்.

இப்போது ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தனியாக உட்கார்ந்து போனில் நீல அட்டையைப் போடுகிறார். பத்துப் பாட்டு. ஒவ்வொன்றும் முடிந்ததும் என்னைப் பார்க்கிறார். "இதுவா?" எனக்குத் தெரியாது. "இதுவாத்தான் இருக்கும்" என்று அவரே சொல்லிக்கொள்வார். அடுத்த ஞாயிறு வேறொரு பாட்டைச் சொல்வார். நான் அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்பேன்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். பாவம், சேதியைச் சொல்ல மறந்துவிட்டாள் என்று எனக்காக மாற்ற வேண்டாம். நான் மறக்கவில்லை, சொல்லாமல் வைத்திருந்தேன். அந்தப் பாட்டுக்கு நீங்களாக ஒரு பெயரும் போட்டுவிட வேண்டாம்.