ஆளுக்கு ஒரு வாரம் யாழினி

அபுதாபியில் டைப்பிங் சென்டர் வைத்திருப்பவனுக்கு விரலைவிடக் காதுதான் சீக்கிரம் தேயும். விசா ஃபாரம் அடிக்க வந்தவர்கூடக் குடும்பக் கதையைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார். கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கிறவர்களே, உங்களுக்குத் தெரியாததா! என்னிடம் வந்து சேர்ந்தவர்கள் குமாரும் வசந்தியும்.

சமபங்கு

விவாகரத்து மனு அடிக்க வந்தார்கள். இங்கே முஸ்லிம் அல்லாதவர்கள் பிரிந்தால், யாரும் மறுக்காதவரை பிள்ளை இருவருக்கும் சமம். ஒன்பது வயது யாழினி ஒரு வாரம் அம்மாவிடம், ஒரு வாரம் அப்பாவிடம் என்று எழுதலாம் என்றேன். வசந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். குமார் பேனாவை மூடி மூடித் திறந்தார். மறுக்கப்போகிறாரோ என்று நினைத்தேன். கடைசியில் மெதுவாகக் கேட்டார்: “சமம்னா, பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு நானும் போவணுமா பாய்?”

நிபந்தனை ஏழு

மறுநாள் வசந்தி ஒரு பட்டியலோடு வந்தார். தெர்மாகோல் புராஜெக்ட் யார் வாரத்தில் வருகிறதோ அவர்களே செய்ய வேண்டும். எண்ணெய்க் குளியல் தவறக் கூடாது. ஏழாவது, தலையில் பேனோடு பிள்ளையை ஒப்படைக்கக் கூடாது.

எங்கள் கடையில் அரபி மொழிபெயர்ப்பவர் எகிப்துக்காரர். பேனுக்கு அரபியும் எனக்குத் தெரியாது, இங்கிலீஷும் வாயில் வரவில்லை. தலையைப் பரபரவென்று சொறிந்து, எதையோ பிடித்து நகத்தில் நசுக்கிக் காட்டினேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். “பாய், யூ டுடே லீவ். யல்லா, கோ!”

மூன்று மாடி

குமார் நகரத்துக்கு வெளியே முசஃபாவில் வீடு பார்த்தார். ஸ்கூல் பஸ்காரர்களோ ஒரு பிள்ளைக்கு ஒரே நிறுத்தம்தான் என்று சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் குமார், வசந்தி இரண்டாம் மாடியில் இருக்கும் அதே கட்டடத்தில் ஆறாம் மாடி வீட்டைப் பிடித்தார். வாடகை ஒப்பந்தம் அடிக்கும்போது, “இதுக்கு எதுக்கு விவாகரத்து?” என்று வாயைக் கொடுத்தேன். கூட வந்த வசந்தி முறைத்தார். “நடுவுல மூணு மாடி இருக்குல்ல பாய், அது போதும்.”

என்.ஓ.சி.

போன மாதம் குமாருக்குச் சவுதியில், அல் கோபாரில் பெரிய வேலை கிடைத்தது. மகளையும் வசந்தியையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தவர், யாழினி இனி முழுக்க அம்மாவிடமே இருக்கத் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு என்.ஓ.சி. அடிக்கச் சொன்னார். எத்தனையோ என்.ஓ.சி. அடித்த கை, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை அடிக்கக் கூசியது. அப்பா, அம்மா கையெழுத்துக்கு இடம் விட்டுத் தாளை நீட்டினேன். யாழினி எட்டிப் பார்த்தாள். “அங்கிள், என் சைன் எங்க? எனக்கு அப்ஜெக்‌ஷன் இருக்கு.”

குமார் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வசந்தி மகளின் தலையைத் தடவிக்கொடுத்தவர், சட்டென்று விரலை நிறுத்தி உற்றுப் பார்த்தார். “இது உங்க வாரம். பேன் எடுத்து முடிச்சிட்டு அப்புறம் எங்க வேணா போங்க.”

குமார் இன்னும் எடுத்து முடிக்கவில்லை. சட்டம் பிள்ளையைச் சமமாகப் பங்கு வைத்தாலும் பேன் சீப்பு ஒன்றே ஒன்றுதான் என்பதால், அது இரண்டாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் லிஃப்டில் போய்வந்துகொண்டிருக்கிறது.