பின்கதவு வழியாக வந்தவர்

என் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். புதுச்சேரியில் அப்படிப்பட்டவர்களைச் 'சொல்தா' என்பார்கள். எங்கள் தெருவில் தபால்காரர் முதல் மோர்க்காரி வரை எல்லோருக்கும் எங்கள் வீடு சொல்தா வீடுதான். சைகோனில் பல வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றுத் திரும்பியபோது அவர் கொண்டுவந்தவை ஒரு வாத நோய், ஒரு காப்பிக் கெண்டி, யாரோடும் அதிகம் பேசாத பழக்கம். இங்கே வந்தபின் ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி வாங்கினார். முறையாக அனுமதி எடுத்து வைத்திருந்தார். குளிர்காலத்தில் ஊசுடு ஏரிக்குப் போய் வாத்து சுடுவார். மற்ற மாதங்களில் அது எண்ணெய் போட்டுத் துடைக்கப்பட்டு அலமாரிக்குள் இருக்கும்.

அவருக்கு ஒரே ஒரு சிநேகிதர். எதிர்வீட்டுக்காரர், மில்லில் நெசவுப் பகுதியில் வேலை. அவரை நான் சித்தப்பா என்றும் அவர் மனைவியைச் சித்தி என்றும் கூப்பிடுவேன். ரத்த உறவு இல்லை. நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள், அவர்கள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நான் பிறந்தபோது அப்பா கப்பலில் இருந்தார். அம்மாவுக்கு வலி எடுத்ததும் ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் சித்தப்பாதான். என்னை முதலில் கையில் வாங்கியது சித்தி.

சித்தப்பா எங்கள் வீட்டு வாசல் வழியாக வந்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. மில்லிலிருந்து வருகிறவருக்கு அதுதான் குறுக்கு வழி. எங்கள் பின்கதவின் கொண்டியை வெளியிலிருந்தே ஒரு குச்சியால் தூக்கிவிடலாம். அந்த வித்தை அவருக்குத் தெரியும். கதவு திறக்கும் சத்தம் கேட்டால் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இன்னொரு டம்ளர் காப்பி ஊற்றுவாள். அவர் குரல் கொடுத்துவிட்டு வருகிற வழக்கமே இல்லை. நேரே வந்து முற்றத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காருவார். இரண்டு பேரும் பேசாமலே வெகுநேரம் இருப்பார்கள்.

ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. எல்லைச் சாவடிகள் போயின. புது அதிகாரிகள் வந்தார்கள். சட்டம் மட்டும் பெரும்பாலும் பழைய பிரெஞ்சுச் சட்டமாகவே நடந்துகொண்டிருந்தது. வந்தவர்களுக்கு இந்தச் சட்டம் தெரியாது, எங்களுக்கு அந்தச் சட்டம் தெரியாது. அப்பாவுக்கு ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். நீதிபதியின் உத்தரவுக் காகிதம் இல்லாமல் எந்த அதிகாரியும் ஒருவன் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. அந்தக் காகிதத்தை அவர் 'மந்தா' என்பார். மற்றவர்கள் வாரண்டு என்றார்கள்.

கொடி மாறிச் சில வருஷங்கள் கழித்து, எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த சமயம், அம்மாவின் தம்பி சைகோனிலிருந்து கப்பலில் வந்தார். ஒரு பெரிய டிரங்குப் பெட்டியை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டு, காரைக்காலில் உறவுக்காரர்களைப் பார்க்கப் போனார். யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. பெட்டி நிறையக் கடத்தல் கைக்கடிகாரம் இருப்பதாகச் சுங்க அலுவலகத்துக்குச் செய்தி போயிருக்கிறது.

சாப்பாட்டு வேளை முடிந்து தெரு அடங்கியிருந்த மத்தியானம் அது. வாசல் கதவைத் தட்டினார்கள். நான்தான் திறந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட அதிகாரி ஒருவர், பின்னால் காக்கி உடுப்பில் இரண்டு பேர். அதிகாரி மெட்ராஸ்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"வீட்டைச் சோதனை போடணும்மா. கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க."

அதற்குள் அப்பா நடைக்கு வந்துவிட்டார். "மந்தா எங்க?" என்றார்.

"என்னது?"

"வாரண்டு. ஜட்ஜு கையெழுத்துப் போட்ட காகிதம்."

"அதெல்லாம் ஆபீஸ்ல இருக்கு, சார். ஒரு பெட்டியப் பாக்கணும், அவ்ளோதான். பத்து நிமிஷ வேலை."

"காகிதத்த எடுத்துட்டு வாங்க. பெட்டி இங்கதான் இருக்கும், எங்கயும் போவாது. நானே தெறந்து காட்டறேன்."

அதிகாரி சிரித்தார். கோபமான சிரிப்பு அல்ல. இந்த ஊரில் இப்படிப் பேசுகிற கிழவர்களைப் பார்த்துச் சலித்துப்போன சிரிப்பு. காக்கிக்காரரில் ஒருவர் அப்பாவின் தோளில் கைவைத்து ஒதுக்கிவிட்டு உள்ளே காலை வைத்தார். பூட்ஸ் காலோடு நடையைத் தாண்டி முற்றம் வரை வந்துவிட்டார்.

அப்பா அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் துப்பாக்கி. அம்மா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள்.

"இன்னாங்க இது, வைங்க உள்ள! பாத்துட்டுப் போவட்டுமே, நம்மகிட்ட இன்னா இருக்குது?"

"ஒண்ணும் இல்ல. அதனாலதான் சொல்றேன்." பிறகு அவர்களைப் பார்த்து, "வெளிய போங்க. இது என் வூடு," என்றார். குரலை உயர்த்தவில்லை.

மூன்று பேரும் பின்வாங்கித் தெருவுக்குப் போனார்கள். அப்பா வாசல் கதவைத் தாழிட்டு, நடையிலேயே அதைப் பார்த்தபடி நின்றார். என்னையும் அம்மாவையும் அறைக்குள் போகச் சொன்னார். நான் கதவிடுக்கில் நின்றேன். அவருடைய முதுகு எனக்குத் தெரிந்தது. வெளியே கூட்டம் சேருகிற சத்தம் கேட்டது.

அதன்பின் தெருவில் நடந்ததைச் சித்தி கோர்ட்டில் சொல்லித்தான் நாங்கள் முழுதாகத் தெரிந்துகொண்டோம். அதிகாரி போலீசுக்கு ஆள் அனுப்பினார். பிறகு, இந்தப் பெரியவருக்கு வேண்டியவர்கள் யாராவது உண்டா என்று கூட்டத்தில் கேட்டார். மில்லில் காலை முறை வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்த சித்தப்பா சத்தம் கேட்டு அப்போதுதான் எழுந்து வந்திருந்தார். "போலீசு வந்தா வெவகாரம் பெருசாயிடும். நான் போயி அண்ணங்கிட்ட பேசறேன். நீங்க இங்கயே இருங்க," என்று அதிகாரியிடம் சொன்னார். அவர் சரி என்றார். சித்தப்பா சட்டை கூடப் போடாமல், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சந்து வழியாகப் போனார். அவர் பின்னாலேயே அந்த இரண்டு காக்கிக்காரர்களும் போனார்கள். போகச் சொன்னது யார் என்பதைக் கோர்ட்டில் கடைசிவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டின் பின்கட்டு பகலிலும் இருட்டாக இருக்கும். கொண்டி விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதோடு சேர்ந்து பூட்ஸ் சத்தம். அப்பா திரும்பினார். "நில்லு!" என்று கத்தினார், பிரெஞ்சில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. அந்த இருட்டில் அவருக்குத் தெரிந்தவை இரண்டு காக்கித் தொப்பிகள். சுட்டார்.

வெடிச் சத்தம் அடங்கியதும் காக்கிக்காரர்கள் சந்து வழியாக ஓடுகிற சத்தம் கேட்டது. சித்தப்பா சமையலறை நிலைப்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வயிற்றைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

"நான்தான் அண்ணே," என்றார்.

அப்பா துப்பாக்கியைக் கீழே வைத்தார். போட்டார் என்று, வெளியே நின்ற அந்த அதிகாரி பிறகு கோர்ட்டில் சொன்னார். நான் பார்த்தேன், மெதுவாகக் குனிந்து வைத்தார். பிறகு சித்தப்பாவைத் தூக்க முயன்றார். வாதம் பிடித்த கைகள் தூக்கவில்லை. என்னை ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னார். நாங்கள் இருவருமாக வாசல் கதவைத் திறந்துகொண்டு அவரைத் தெருவுக்குக் கொண்டுவந்தோம். கூட்டம் விலகியது. எதிர்வீட்டு வாசலில் சித்தி நின்றுகொண்டிருந்தாள். ஓடிவந்து அவர் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். அப்பாவை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

அந்தக் களேபரத்தில் அதிகாரி உள்ளே போய்ப் பெட்டியை உடைத்துப் பார்த்திருக்கிறார். பட்டுத் துணி, பீங்கான் கிண்ணங்கள், மாமாவின் பழைய கோட்டு, என் கல்யாணத்துக்கென்று அவர் கொண்டுவந்த ஒரு வெள்ளை லேஸ் துணி. கடிகாரம் என்று ஒன்றுமே இல்லை.

சித்தப்பா மறுநாள் மாலை வரை உயிரோடு இருந்தார். அம்மாவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அம்மாவைப் பார்த்ததும் பேச முயன்றார்.

"குரல் குடுத்திருக்கணும், அண்ணி. குரல் குடுக்காம வந்துட்டேன்."

"நீ எப்ப எங்க வூட்டுக்குக் குரல் குடுத்துட்டு வந்த?" என்று சொல்லி அம்மா அழுதாள். கட்டிலின் மறுபக்கம் சித்தி அவருக்கு விசிறிக்கொண்டே இருந்தாள்.

வழக்கு பிரெஞ்சில் நடந்தது. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லுவார். எங்கள் வக்கீல் நல்ல மனிதர். அவர் அப்பாவிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"ராத்திரியில உத்தரவில்லாம ஒருத்தன் வூட்டுக்குள்ள பூந்து, நீங்க சுட்டிருந்தா, சட்டம் நேரா உங்க பக்கம் நிக்கும். இது பட்டப்பகல். அதனால நீங்க ஒண்ணு சொல்லணும். உயிருக்குப் பயந்துட்டேன்னு சொல்லுங்க. அவங்க என்னைக் கொன்னுடுவாங்கன்னு நெனச்சேன்னு சொல்லுங்க."

"நான் பயப்படல," என்றார் அப்பா.

"சொல்தா, சொன்னாத்தான் தப்பிக்கலாம்."

"பயப்படல. கோவம்தான் பட்டேன்."

நீதிபதியிடமும் அப்படியே சொன்னார். இறந்தவர் அனுமதியில்லாமல் வீட்டுக்குள் வந்தாரா என்று அரசு வக்கீல் கேட்டபோது, மொழிபெயர்ப்பாளருக்குக் காத்திராமல் அப்பா தானே பிரெஞ்சில் பதில் சொன்னார். பிறகு எங்களுக்காகத் தமிழிலும் சொன்னார். "அவனுக்கு அந்த வூட்டுக்குள்ள வர யார் உத்தரவும் வேணாம்." சொல்லிவிட்டுக் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

அதிகாரிகள் உத்தரவில்லாமல் நுழைந்தது தவறு என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. வக்கீல் அதை எங்களுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். அந்த மெட்ராஸ்காரரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அப்பாவுக்கு நாலு வருஷம் சிறை. மேல் கோர்ட்டுக்குப் போகலாம் என்று வக்கீல் சொன்னார். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். எனக்குப் பேசிய சம்பந்தமும் அதோடு நின்றுபோனது. அதற்காக நான் அன்று அழுததாக நினைவில்லை. அழுவதற்கு வேறு காரணம் இருந்தது. சித்தி வீட்டைக் காலி செய்துகொண்டு உழவர்கரையில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். வண்டியில் சாமான் ஏற்றும்போது நான் ஓடிப்போய் ஒரு பாத்திர மூட்டையைத் தூக்கினேன். அவள் அதை என் கையிலிருந்து மெல்ல வாங்கித் தானே வண்டியில் வைத்தாள்.

சிறையில் அப்பாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவர் உடம்பு, சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமைப் பூசை என்று இரண்டொரு வார்த்தை பேசுவார். ஒரே ஒரு தடவை நான் கேட்டுவிட்டேன்.

"பெட்டியில ஒண்ணும் இல்லன்னு உங்களுக்குத் தெரியுமேப்பா. எதுக்குப்பா அவ்ளோ கோவம்?"

அப்பா கம்பியை நெருங்கி வந்தார்.

"சைகோன் பக்கத்து ஊருங்கள்ல நான் எத்தன வூட்டுக்குள்ள பூட்ஸு காலோட போயிருக்கேன் தெரியுமா? ஒரு காகிதமும் இல்ல. யாரும் எங்களக் கேக்கல. கேக்க முடியாது. பொம்பளைங்க கொழந்தைய இடுப்புல வச்சிக்கிட்டு சுவரோரமா நிப்பாங்க. அவங்க அரிசிப் பானைய நாங்க கவுத்துப் பாப்போம். அன்னிக்கி அந்த ஆளு முத்தத்துல கால வச்சப்ப, நீ சுவரோரமா நின்ன."

காவலர் நேரமாகிவிட்டது என்றார். அப்பா எழுந்து போனார். நான் வீடு வரை நடந்தே வந்தேன். எதிர்வீட்டில் யாரோ புதிதாகக் குடிவந்திருந்தார்கள்.

அறுபத்திரண்டில், புதுச்சேரி சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்த அந்த வருஷம், அப்பா சிறையிலிருந்து வெளியே வந்திருந்தார். பிரான்சுப் பிரஜையாக இருப்பதா இந்தியப் பிரஜையாக இருப்பதா என்று தெருவில் சொல்தா குடும்பங்கள் எல்லாம் பேசிக்கொண்டிருந்தன. அப்பா அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. ஒரு நாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "உழவர்கரைக்குப் போவணும். நீ கூட வா," என்றார்.

ஓட்டு வீடு, தென்னங்கீற்றுப் படல். சித்தி முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த நெல்லை அப்படியே விட்டாள். படல் திறந்துதான் இருந்தது. அப்பா அதற்கு வெளியிலேயே நின்றார். செருப்பைக் கழற்றினார்.

"உள்ள வரலாமாம்மா?"

சித்தி அவரைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் அவரை நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான்.

"வேணாம்ண்ணே," என்றாள். "உங்க மேல கோவம் இல்ல. கோவப்பட்டுப் பாத்தேன், முடியல. ஆனா நீங்க வேணாம்."

அப்பா தலையாட்டினார். குனிந்து செருப்பைப் போட்டுக்கொள்ள அவருக்கு நேரம் ஆயிற்று. அதற்குள் சித்தி படல் வரை வந்து என் கன்னத்தைத் தொட்டாள். நெல்லுத் தூசி படிந்த கை. "எளச்சிப் போயிட்டியே," என்றாள். "உனக்கு எப்ப வரணும்னாலும் வா." பிறகு உள்ளே போய்விட்டாள்.

ஊருக்குத் திரும்பும் சாலையில் அப்பா ஒரு மைல்கல்லின்மேல் உட்கார்ந்து அழுதார். வாயைத் திறந்து, சத்தம் போட்டு, சின்னப் பிள்ளைபோல அழுதார். வைக்கோல் வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி, "இன்னாம்மா, பெரியவருக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் இறங்கி வந்து, இருவருமாக அப்பாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து வண்டியில் ஏற்றினோம்.